டெக்சஸ் வீட்டு வரிப் பதிவு: எந்த எண் எதைச் சொல்கிறது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஃபிரிஸ்கோ, பிளேனோ, கேட்டி, சுகர்லேண்ட் பக்கத்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இதே பேச்சுதான். "கவுன்டிக்காரன் வரியை அறுபதாயிரம் ஏத்திட்டான்" என்று ஒருவர் எழுதுவார். "எனக்குப் பத்து பர்சன்ட் கேப் இருக்கு, வரி அதுக்கு மேல ஏறாது" என்பார் இன்னொருவர். "வித்தவர் ஆறாயிரம்தான் கட்டியிருக்கார், ரெக்கார்டுல இருக்கே, எனக்கு மட்டும் எப்படிப் பத்தாயிரம்?" என்று மூன்றாமவர் கேட்பார்.

மூவரும் பார்த்தது ஒரே வகைப் பொதுப் பதிவை. மூவரும் அதைத் தவறாகப் படித்திருக்கிறார்கள். அறுபதாயிரம் ஏறியது வீட்டின் மதிப்பு, வரி அல்ல. பத்து சதவீத வரம்பு வரிக்குப் போடப்பட்டதல்ல. விற்றவர் கட்டிய வரி வாங்கியவருக்குத் தொடர்வதும் இல்லை.

இந்தப் பதிவுகள் யாருக்கும் திறந்தவை. காசு கொடுக்க வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு வீடு. அதைப் பற்றி அரசு எழுதிவைத்திருப்பதை நாமே படித்துப் புரிந்துகொள்ள முடியும். அப்படியிருக்க, குழுவில் யாரோ சொன்னதை நம்பிப் பணத்தையும் கெடு தேதியையும் நம் மக்கள் கோட்டைவிடுவதைப் பார்க்கத்தான் வருத்தமாக இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் முறை மாறும் என்பதால் டெக்சஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர் மாவட்டம் போன்றது கவுன்டி; இங்கே 254 கவுன்டிகளுக்கும் ஒரே சட்டம். மாநில வருமான வரி கிடையாது. பள்ளியும் நகரமும் கவுன்டியும் பெரிதும் வீட்டு வரியை நம்பித்தான் ஓடுகின்றன.

கோயில் கொடைக்கு வரி போடுவது போல

நெல்லைப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் கொடைக்கு வரி பிரிப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பார்கள். இங்கே, சொத்தின் மதிப்புக்கு ஏற்ப வரி போடும் ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொடைக்கு ஆகும் செலவு 2 லட்சம் ரூபாய். ஊரார் சொத்தின் மொத்த மதிப்பு 10 கோடி. அப்படியானால் ஒரு லட்ச ரூபாய்ச் சொத்துக்கு 200 ரூபாய் வரி. 5 லட்சத்துக்குச் சொத்து வைத்திருப்பவர் 1,000 ரூபாய் தர வேண்டும்.

அடுத்த வருடம் ஊரில் எல்லோருடைய நிலமும் இரண்டு மடங்கு விலையாகிவிட்டது. கொடைச் செலவு மட்டும் அதே 2 லட்சம். இப்போது ஒரு லட்சத்துக்கு 100 ரூபாய் போட்டாலே போதும். அவருடைய சொத்து 10 லட்சமாகி விட்டது, ஆனால் தர வேண்டியது அதே 1,000 ரூபாய்தான். மதிப்பு இரட்டித்தும் வரி அசையவில்லை.

அவருக்கு வரி கூடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கொடைச் செலவைக் கூட்டினால் கூடும். அல்லது, மற்றவர்களுடையதைவிட அவருடைய சொத்தின் மதிப்பு வேகமாக ஏறினால் கூடும். வீட்டு வரியின் அடிப்படை இவ்வளவுதான். டெக்சஸ் சட்டத்திலும் இதே எண்ணம் ஒரு விகிதமாக இருக்கிறது. போன ஆண்டு இருந்த அதே சொத்துகளிடமிருந்து போன ஆண்டு வந்த அதே தொகையைத் திரட்ட இந்த ஆண்டு என்ன விகிதம் போதும் என்று கணக்கிட்டு வெளியிட வேண்டும். அதற்கு 'நோ நியூ ரெவென்யூ ரேட்' என்று பெயர். உங்கள் நகரம் இதைவிடக் கூடுதலான விகிதத்தை நிறைவேற்றினால், அது கொடைச் செலவைக் கூட்டியிருக்கிறது என்று பொருள். விகிதத்தை "ஒரு சென்ட் குறைத்தோம்" என்று அறிவித்த ஆண்டிலும்கூட இது நடந்திருக்கலாம்.

மதிப்பிடுபவர், விதிப்பவர், வாங்குபவர்

"கவுன்டி ஏத்திட்டான்" என்ற பேச்சில் மூன்று வெவ்வேறு அலுவலகங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

முதலாவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். சுருக்கமாக 'கேட்' என்பார்கள். வீட்டுக்கு என்ன மதிப்பு என்று சொல்வது மட்டுமே இதன் வேலை. வரி விதிக்க இதற்கு அதிகாரம் கிடையாது. இது கவுன்டி நிர்வாகத்தின் ஒரு துறையும் அல்ல, தனி அமைப்பு. 1979-இல் வந்த சட்டத்துக்கு முன்பு பள்ளி ஒரு மதிப்பு, நகரம் ஒரு மதிப்பு, கவுன்டி ஒரு மதிப்பு என்று ஒரே வீட்டுக்கு ஆளுக்கொரு மதிப்புப் போட்டார்கள். அந்தக் குளறுபடியை நிறுத்துவதற்காகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு மதிப்பீட்டு அமைப்பை உருவாக்கினார்கள்.

இரண்டாவது, வரி விதிக்கும் அமைப்புகள். பள்ளி மாவட்டம், நகரம், கவுன்டி, கல்லூரி மாவட்டம், சில இடங்களில் மருத்துவமனை மாவட்டம் எனப் பல. செலவுத் திட்டத்தையும் விகிதத்தையும் இவைதான் முடிவு செய்கின்றன. பெரும்பாலான வீடுகளுக்கு மொத்த வரியில் பெரும் பங்கு பள்ளி மாவட்டத்துக்கே போகிறது. கவுன்டியின் பங்கு பலரும் நினைப்பதைவிட மிகச் சிறியது.

மூன்றாவது, கவுன்டியின் டேக்ஸ் அசெஸர் கலெக்டர் அலுவலகம். காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கர் வாங்கும் அதே அலுவலகம்தான். பல கவுன்டிகளில் எல்லா அமைப்புகளுக்கும் சேர்த்து இதுவே பில் அனுப்பிப் பணம் வாங்குகிறது. மதிப்பு அதிகம் என்று இங்கே போய் முறையிட்டால், எங்களிடம் அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது உண்மையும்கூட.

சுருக்கமாக: மதிப்பில் சந்தேகம் என்றால் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். விகிதம் பிடிக்கவில்லை என்றால் நகர மன்றம், பள்ளி வாரியம். பணம் கட்டியதில் சிக்கல் என்றால் வரி அலுவலகம். பதிவுகளும் இப்படியே பிரிந்து கிடக்கின்றன. மதிப்பும் விலக்குகளும் முதல் அலுவலகத்தின் தளத்தில் இருக்கும். பில்லும் ரசீதும் மூன்றாவதன் தளத்தில் இருக்கும்.

பதிவைத் தேடி எடுப்பது

எந்தக் கவுன்டி என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்தால் ஏமாறலாம். ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என இரண்டு கவுன்டிகளில் பரந்திருக்கிறது. காலின் கவுன்டித் தளத்தில் தேடி வீடு அகப்படாமல், பதிவே இல்லை என்று பயந்துவிட வேண்டாம். டென்டன் தளத்தில் இருக்கும்.

பெயரை வைத்தும் தேடலாம், முகவரியை வைத்தும் தேடலாம், சொத்து அடையாள எண்ணை வைத்தும் தேடலாம். நம்மவர்களுக்குப் பெயர்த் தேடல் பெரும்பாலும் கைகொடுக்காது. தளங்கள் குடும்பப் பெயரை முதலில் வைத்து வரிசைப்படுத்துகின்றன. நமக்கோ அப்பா பெயர், இனிஷியல், பாஸ்போர்ட்டில் பிரிந்த பெயர் என்று வீட்டுக்கு ஒரு வடிவம். முகவரியே சிறந்த வழி. கதவு எண்ணையும் தெருப் பெயரையும் மட்டும் அடியுங்கள். டிரைவ், லேன், கோர்ட் போன்ற பின்னொட்டுகளை விட்டுவிடுங்கள். ஒரு முறை பதிவு கிடைத்துவிட்டால் சொத்து அடையாள எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விலக்கு விண்ணப்பம், முறையீடு, பணம் கட்டுவது என எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

பக்கத்தைத் திறந்ததும் மேலே சொத்து விவரம் இருக்கும். மனைப்பிரிவின் பெயர், பிளாக், லாட் எண் என்று ஒரு வரி வரும். நம் ஊர்ப் பத்திரத்தில் சர்வே எண் செய்யும் வேலையை இங்கே இந்த வரி செய்கிறது. அடுத்து கட்டடம்: கட்டிய ஆண்டு, வசிப்பிடப் பரப்பு, கராஜ், நீச்சல் குளம். இந்தப் பகுதியைப் பலரும் பார்க்காமல் தாண்டிவிடுகிறார்கள். மதிப்பீடு பெரும்பாலும் வீட்டுக்குள் வராமல், கணினிக் கணக்கை வைத்து மொத்தமாகச் செய்யப்படுவது. பரப்பளவு தவறாக இருந்தால் மதிப்பும் தவறாகவே வரும். பில்டர் தந்த வரைபடத்தை எடுத்து ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விற்பனை விலை என்ற இடம் காலியாகவே இருக்கும். வீட்டை என்ன விலைக்கு வாங்கினோம் என்று அரசிடம் சொல்ல வேண்டும் என டெக்சஸில் சட்டம் இல்லை. வாங்கியதும் விலையைக் கேட்டு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அனுப்பும் கடிதத்துக்குப் பதில் எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

மூன்று மதிப்புகள்

எல்லாக் குழப்பத்துக்கும் ஊற்று இந்தப் பகுதிதான். ஒரே வீட்டுக்கு ஒரே பக்கத்தில் மூன்று மதிப்புகள் நிற்கும்.

சந்தை மதிப்பு என்பது ஜனவரி 1 அன்று விற்றிருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற மதிப்பீடு. மார்ச்சில் சந்தை சரிந்தாலும் ஏறினாலும் அந்த ஆண்டுக் கணக்கில் அது சேராது.

அப்ரைஸ்டு மதிப்பு என்பது உச்சவரம்பு போட்ட பிறகு வரும் மதிப்பு. நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கியிருந்தால், இந்த மதிப்பு போன ஆண்டு இருந்ததைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. புதிதாகக் கட்டிய அறை, குளம் போன்றவற்றின் மதிப்பு மட்டும் இந்த வரம்புக்கு வெளியே சேரும்.

வரிக்குரிய மதிப்பு என்பது விலக்குகளைக் கழித்த பிறகு மிஞ்சுவது. இது ஒரே எண்ணாக இருக்காது. ஒவ்வோர் அமைப்பும் தரும் விலக்கு வேறு என்பதால் பள்ளிக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். பள்ளி வரியில் ஹோம்ஸ்டெட் விலக்கு 2023-இல் 1,00,000 டாலராக உயர்ந்தது. 2025 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 1,40,000 டாலராகி, அந்த ஆண்டு வரிக்கே செல்லுபடியானது. நகரமும் கவுன்டியும் விரும்பினால் 20 சதவீதம் வரை விலக்குத் தரலாம். சில தருகின்றன, சில தருவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. சந்தை மதிப்பு 6,00,000 டாலர். போன ஆண்டு அப்ரைஸ்டு மதிப்பு 5,00,000. எனவே இந்த ஆண்டு அது 5,50,000-இல் நின்றுவிடும். பள்ளிக்கு 1,40,000 கழித்தால் 4,10,000. விகிதங்கள் எப்போதும் 100 டாலர் மதிப்புக்கு இவ்வளவு என்றே எழுதப்படும். பள்ளி விகிதம் 1.00 என்றால் வரி 4,100 டாலர். மற்ற மூன்றும் விலக்குத் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நகரம் 0.45 என்றால் 2,475. கவுன்டி 0.15 என்றால் 825. கல்லூரி 0.08 என்றால் 440. மொத்தம் 7,840 டாலர்.

மொத்த விகிதம் 1.68 ஆயிற்றே, 6,00,000-க்கு 10,080 டாலர் வர வேண்டாமா என்று கேட்டால், இடையில் உச்சவரம்பும் விலக்கும் நிற்கின்றன. வீடு பார்க்கும்போது ஏஜென்ட் சொல்லும் ஒற்றை வரி சதவீதம் இந்த இரண்டையும் காட்டாது.

பத்து சதவீத வரம்பு எதைத் தடுக்கிறது?

மேலே சொன்ன வீட்டையே அடுத்த ஆண்டும் பார்ப்போம். சந்தை சற்று இறங்கி, மதிப்பு 5,80,000 ஆகிவிட்டது. குழுவில் அந்த வீட்டுக்காரர் நிம்மதியாக எழுதுவார், "நம்ம வேல்யூ இருபதாயிரம் குறைஞ்சிருக்கு, வரியும் குறையும்." குறையாது. போன ஆண்டு 5,50,000-இல் தடுத்து வைக்கப்பட்ட அப்ரைஸ்டு மதிப்பு, 10 சதவீதம் வரை, அதாவது 6,05,000 வரை ஏறலாம். சந்தை மதிப்பு 5,80,000 என்பதால் அது அங்கே போய் நிற்கும். அதே விகிதங்கள் என்றால் வரி 8,344 டாலர். சந்தை இறங்கிய ஆண்டில் வரி 504 டாலர் கூடுகிறது.

இதில் மோசடி எதுவும் இல்லை. முந்தைய ஆண்டு உச்சவரம்பு தள்ளிப்போட்ட உயர்வு இப்போது வந்து சேர்கிறது, அவ்வளவுதான். அதனால் நோட்டீஸ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சந்தை மதிப்புக்கும் அப்ரைஸ்டு மதிப்புக்கும் உள்ள இடைவெளியை. இடைவெளி பெரிதாக இருந்தால் இன்னும் சில ஆண்டுகளுக்கு ஏற்றம் காத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று: வரம்பு அப்ரைஸ்டு மதிப்புக்கு மட்டுமே. விகிதம் ஏறினால் வரி 10 சதவீதத்துக்கு மேலும் ஏறலாம். வீட்டை வாங்கி ஹோம்ஸ்டெட் பெற்ற முதல் ஆண்டில் இந்த வரம்பு கிடையாது. அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல்தான் அது தொடங்கும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இந்தப் பத்து சதவீதமே இல்லை. 50 லட்சம் டாலருக்கு உட்பட்ட அத்தகைய சொத்துகளுக்கு 20 சதவீத வரம்பு 2024 முதல் 2026 வரை தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டது.

விற்றவரின் வரியை நம்பாதீர்கள்

வீடு வாங்குபவர்களுக்கு இந்தப் பகுதிதான் மிக முக்கியம். பதிவில் தெரியும் போன ஆண்டு வரி, அந்த உரிமையாளருக்கான வரி. அவர் பத்து ஆண்டுகள் குடியிருந்தவராக இருந்தால், அவருடைய அப்ரைஸ்டு மதிப்பு சந்தையைவிட வெகு கீழே இருக்கலாம். வீடு கைமாறியதும் அந்த உச்சவரம்பு விலகிவிடும். அவர் 65 வயதைத் தாண்டியவராக இருந்தால், பள்ளி வரியில் 60,000 டாலர் கூடுதல் விலக்கும், பள்ளி வரித் தொகையே ஏறாமல் உறைந்து நிற்கும் சலுகையும் பெற்றிருப்பார். அவையும் உங்களுக்கு வராது. கணக்குப் போட வேண்டியது சந்தை மதிப்பிலிருந்து, உங்களுக்குக் கிடைக்கும் விலக்கை மட்டும் கழித்து.

புது வீட்டில் அடி இன்னும் பலமாக விழுகிறது. செலைனா, பிராஸ்பர் பக்கம் ஜூலையில் கட்டி முடித்த வீட்டை ஒருவர் வாங்குகிறார். அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று அங்கே வெறும் மனைதான் இருந்தது. அதனால் அந்த ஆண்டின் பில் மனைக்கு மட்டும் வரும். வீட்டுக் கடன் கொடுத்த நிறுவனம் அதை வைத்து மாதாமாதம் எஸ்க்ரோவில் பிடிக்கலாம். எஸ்க்ரோ என்பது வரிக்கும் காப்பீட்டுக்குமாகத் தவணையோடு சேர்த்து வாங்கி அவர்கள் ஒதுக்கி வைக்கும் பணம். மறு ஆண்டு முழு வீட்டுக்கும் பில் வந்ததும் எஸ்க்ரோவில் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரு தொகை, இனி வரும் முழு வரிக்காக ஒரு தொகை என்று மாதத் தவணை இரண்டு பக்கமிருந்தும் எகிறும். பதிவைத் திறந்து கட்டட மதிப்பு என்ற இடம் பூஜ்யமாகவோ மிகக் குறைவாகவோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், இது வரப்போகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அதற்கான பணத்தைத் தனியே சேர்த்து வைக்கலாம்.

வரி விதிக்கும் அமைப்புகளின் பட்டியலில் 'மட்' என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கம் அது. புதிய குடியிருப்புக்குத் தண்ணீர், கழிவுநீர்க் குழாய் போட வாங்கிய கடனை அங்கே குடியிருப்பவர்களிடம் வரியாகத் திரட்டும் அமைப்பு. ஹூஸ்டனைச் சுற்றி இது மிகப் பரவலாக உண்டு. 'பிட்' என்பது இன்னொன்று, பப்ளிக் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கம். பூங்கா, சாலை போன்ற மேம்பாட்டுக்கான கட்டணம். இது மதிப்பீட்டுப் பக்கத்தில் எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது. வரி அலுவலகத்தின் பில்லையும் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

சுருக்கமாக: பதிவில் உள்ள சந்தை மதிப்பு உங்களுக்கும் பொருந்தும், அப்ரைஸ்டு மதிப்பும் வரித் தொகையும் விற்றவருக்கு மட்டும். புது வீடென்றால் முதல் ஆண்டு பில்லை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வரிப் பதிவு உரிமைப் பத்திரம் அல்ல

உரிமையாளர் என்று அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் ஒருவர் பெயர் இருந்தால், வரி நோட்டீஸ் யாருக்கு அனுப்புவது என்பதற்கான குறிப்பு அது. உரிமைக்கான ஆதாரம் கவுன்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவான பத்திரம். நம் ஊரிலும் வீட்டு வரி ரசீது கையில் இருப்பதால் மட்டும் வீடு நம்முடையதாகிவிடாது. பத்திரப் பதிவு ஆன பிறகு வரிப் பதிவில் பெயர் மாறச் சில வாரங்கள் ஆகலாம். பழைய உரிமையாளர் பெயர் இன்னும் இருக்கிறதே என்று பதற வேண்டாம். சொத்தின் மேல் கடன் இருக்கிறதா என்பதும் வரிப் பதிவில் தெரியாது. அதையும் கவுன்டி கிளார்க் பதிவுகளில்தான் தேட வேண்டும்.

ஓர் ஆண்டின் ஓட்டம்

ஜனவரி 1-இல் மதிப்பு நிர்ணயம். ஏப்ரல், மே மாதங்களில் நோட்டீஸ். மே 15 அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை முறையிடலாம். ஜூலை இறுதியில் மதிப்புகள் உறுதியாகும். ஆகஸ்ட், செப்டம்பரில் விகிதங்கள் நிறைவேறும். அக்டோபரில் பில் வரத் தொடங்கும். ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும். வசந்த காலத்தில் தளத்தைத் திறந்து இந்த ஆண்டு வரி எங்கே என்று தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். விகிதமே அப்போது பிறந்திருக்காது.

பிப்ரவரி 1 ஆனதும் 7 சதவீதம் கூடும். 6 அபராதம், 1 வட்டி. மாதாமாதம் ஏறி ஜூலையில் 18 சதவீதமாகும். அதற்கு மேல் வசூல் வழக்கறிஞர் செலவு என்று 20 சதவீதம் வரை சேரலாம். பில் வந்து சேரவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது, சட்டம் அதை ஏற்பதில்லை. எஸ்க்ரோ இருப்பவர்களும் ஜனவரியில் வரி அலுவலகத் தளத்தில் பணம் ஏறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். கடன் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய ஆண்டில் கட்டாயம் பாருங்கள்.

முறையீட்டுக்கு இந்தப் பொதுப் பதிவே நல்ல ஆயுதம். உங்கள் மனைப்பிரிவில் அதே காலத்தில் கட்டிய, பரப்பளவும் ஏறக்குறைய ஒத்த ஐந்தாறு வீடுகளின் பதிவை எடுத்து, சதுர அடிக்கு என்ன மதிப்பு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்களுடையது தனித்து உயர்ந்திருந்தால், சமமற்ற மதிப்பீடு என்ற காரணத்தில் முறையிடலாம். சந்தை மதிப்பு அதிகம் என்பது இன்னொரு காரணம். விண்ணப்பத்தில் இரண்டையும் குறித்துவிடுவது நல்லது. முதலில் மதிப்பீட்டாளரோடு பேச்சு. அதில் தீராவிட்டால் அப்ரைசல் ரெவ்யூ போர்டு என்ற உள்ளூர் மக்கள் குழு விசாரிக்கும். டிஸ்ட்ரிக்ட் தன் பக்கம் வைத்திருக்கும் ஆதாரங்களை எழுத்தில் கேட்டால், விசாரணைக்கு 14 நாள் முன்பே தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ஆனால் முறையீட்டில் குறைவது சந்தை மதிப்பு மட்டும். சந்தை மதிப்பு 6,00,000, அப்ரைஸ்டு 5,50,000 என்ற நிலையில் போராடி 5,70,000-க்கு இறக்கினாலும் இந்த ஆண்டு வரியில் ஒரு டாலர்கூடக் குறையாது. 5,50,000-க்குக் கீழே போனால்தான் பலன். இதைப் பார்க்காமல் "முப்பதாயிரம் குறைத்துக் கொடுத்தோம்" என்ற விளம்பரத்தை நம்பிச் சிலர் கட்டணம் கட்டுகிறார்கள்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கு

தேட வேண்டிய அலுவலகத்தின் பெயரே மாறும். கலிஃபோர்னியாவில் கவுன்டி அசெஸர், ஃபுளோரிடாவில் பிராபர்ட்டி அப்ரைசர், ஓஹாயோவில் கவுன்டி ஆடிட்டர். நியூ ஜெர்சியில் மதிப்பிடுவது ஊர் நிர்வாகம். கலிஃபோர்னியாவில் 1978-இன் 13-ஆம் பிரேரணைப்படி, மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, கைமாறும்போது புதிதாக மதிப்பிடப்படும். அதனால் அங்கே ஒரே மாதிரியான பக்கத்துப் பக்கத்து வீடுகளின் வரி பல மடங்கு வேறுபடும். ஜார்ஜியாவில் சந்தை மதிப்பில் 40 சதவீதமும் ஓஹாயோவில் 35 சதவீதமும்தான் வரிக் கணக்கில் எடுக்கப்படும். அந்த எண்ணைப் பார்த்து வீட்டின் விலையே அவ்வளவுதான் என்று நினைத்துவிடக் கூடாது.

ஹோம்ஸ்டெட் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்

டெக்சஸில் சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் தங்கள் பதிவைத் திறந்து விலக்கு என்ற இடத்தில் 'ஹெச்எஸ்' என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். வீடு வாங்கியதும் அது தானாக வராது. வீடு கைமாறும் நாளில், அதாவது கிளோஸிங்கில், கையெழுத்துப் போட்ட கத்தையில் அதுவும் இருந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு. சட்டம் கேட்பது, அந்த வீடு உங்கள் முதன்மை வசிப்பிடமா என்பதையே. டெக்சஸ் ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும் என்பதால், குடிபுகுந்ததும் முதலில் உரிமத்தில் முகவரியை மாற்றுங்கள்.

விண்ணப்பம் இலவசம். அரசுக் கடிதம் போலவே தோற்றம் தந்து, ஹோம்ஸ்டெட் பதிவு செய்து தருகிறோம், பத்திர நகல் எடுத்துத் தருகிறோம் என்று பணம் கேட்கும் கடிதங்கள் புது வீட்டுக்காரர்களுக்கு வரும். உங்கள் பெயரும் முகவரியும் அவர்களுக்குக் கிடைத்ததும் இதே பொதுப் பதிவுகளிலிருந்துதான். கிழித்துப் போட்டுவிட்டு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்துக்கே நேராகப் போங்கள்.

தவறவிட்டிருந்தாலும் வழி இருக்கிறது. ஓர் ஆண்டின் வரி பாக்கியாகக் கருதப்படும் பிப்ரவரி 1 தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை, அந்த ஆண்டுக்கான ஹோம்ஸ்டெட் விலக்கைத் தாமதமாகக் கேட்கலாம். தகுதி இருந்தால் கூடுதலாகக் கட்டிய பணம் திரும்ப வரும். அதே படிவம்தான். எந்தெந்த ஆண்டுகளுக்குக் கேட்கிறீர்கள் என்று குறித்து அனுப்ப வேண்டும்.